அசுவினியின் வயிற்றில் குடியிருப்பவை

பிப்ரவரி 4
மன்றத்தில் திருநூல் உரை. அசுவினிப் பூச்சியை எடுத்துக்காட்டினேன்: செடியின் இனிய சாறொன்றே அதற்கு உணவு, எவரையும் சாராது வாழ்கிறது, அடியவனும் அவ்வாறே அருளொன்றையே பருகி வாழ்தல் வேண்டும். அவை தலையசைத்தது. வழக்கம்போல் தங்கை என் நாற்காலிக்குப் பின்னால் அமர்ந்து, பாடல்களில் நான் நிறுத்துமிடமெல்லாம் அடியெடுத்துக் கொடுத்தாள்.

முடிந்ததும் மன்றச் செயலாளர் தங்கையைச் சுட்டி, "அம்மா இல்லன்னா ஐயா பாதியிலயே நின்னுடுவார் போல" என்றார். அனைவரும் சிரித்தனர். அவளும்.

பிப்ரவரி 5
மருமகள் பூச்சி ஆய்வகத்தில் பணிபுரிபவள். உணவு மேசையில் என்னைத் திருத்தினாள்.

"சாறுல சர்க்கரைதான் மாமா நிறைய. உடம்பு வளர்ற சத்து ரொம்பக் கம்மி. அசுவினி வயித்துக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியாதான் அதைச் செஞ்சு குடுக்குது."

"ஒட்டுண்ணின்னு சொல்லு."

"இல்ல மாமா. ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு பிழைக்காது."

தங்கை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தே சொன்னேன்: "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு. தின்னுட்டு, முதுகுக்குப் பின்னாடி முணுமுணுக்கும்."

அவள் தம்ளரை நிறைத்து என் பக்கம் நகர்த்தினாள். அதுவே எரிச்சலூட்டியது.

பிப்ரவரி 11
தங்கையை முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்று. "உங்க கண்ணாடிய மேசை மேல வெச்சிருக்கேண்ணா" என்றாள், கிளம்பும்போது.

பிப்ரவரி 20
ஆய்வகத்து அசுவினிகளுக்கு, உள்ளிருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைச் சாற்றில் கலந்து கொடுத்திருக்கிறார்களாம்.

"செத்துப்போச்சா?"

"உடனே சாகாது மாமா. குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். வளராது. குட்டியும் போடாது."

என்னைப் பார்த்தா சொன்னாள்? கொழுப்பு.

பிப்ரவரி 27
அறையில் தனியே ஓதிப் பார்த்தேன். முதலடி வந்தது. இரண்டாமடி – இல்லை. நாலாந்தேதி உரையில்கூடத் தடையின்றி வந்ததே. வந்ததா? யார் வாயில்?

மார்ச் 1
இல்லத்திற்குச் சென்றேன். "நாலாந்தேதி உரை இருக்கு. வந்து பின்னாடி உக்காரு."

"கேக்க வரேண்ணா" என்றாள்.

மார்ச் 4
வந்தாள். முன்வரிசையில் அமர்ந்தாள்.

முதலடியைச் சொல்லி நிறுத்தினேன். பின்னால் சுவர் மட்டுமே இருந்தது. தங்கையை நோக்கினேன். எல்லோரையும்போல் அவளும் என்னையே பார்த்திருந்தாள், உதடுகள் சேர்ந்தபடி.

பொருள் விரித்தேன். மேலும் விரித்தேன். நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு பாடலும் முடியவில்லை.