கயிறு பிடிக்க ஆளில்லை

லிங்கநகர்,
திருகோணமலை.
14.09.1997

அன்புள்ள தம்பி சின்னராசாவுக்கு,

கனடாவில் நீங்கள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மனைக் கும்பிட்டு அண்ணி பூரணி எழுதுகிறேன். இங்கு நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய வரியை இந்தமுறை விட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. மகளுக்குச் சட்டை அளவாக இருக்கிறது. உங்கள் அண்ணாவுக்கு அனுப்பிய சேட்டு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அவர் இப்போது கை நீட்டி ஒன்றும் வாங்குவதில்லை.

தம்பி, நீங்கள் இருந்த காலத்துச் சுழியோடி வேலை இப்போது இல்லை. அப்போது அவர் கடலுக்குள் மூழ்கிக் கப்பலின் அடியைச் சுரண்டினார், அறுந்த நங்கூரம் தேடினார். நீங்கள் வள்ளத்தில் இருந்து அவர் அரையில் கட்டிய கயிற்றைப் பிடித்தீர்கள். இரண்டு பேரும் பசியோடு வந்து குசினியில் இருப்பதையெல்லாம் வழித்துத் துடைப்பீர்கள், நான் பேசிக்கொண்டே திரும்ப உலை வைப்பேன். இப்போது கொந்தராத்துக்காரர் அவரைக் கூப்பிடுவது செத்த ஆட்களை எடுக்கத்தான். கடலில் சண்டை நடந்தாலோ வள்ளம் கவிழ்ந்தாலோ மறுநாள் வாசலில் ஜீப் வந்து நிற்கும். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது, கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். இயக்கமோ நேவியோ, கைக்கு எல்லாம் ஒன்றுதான் என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு சோற்றைக் கையால் தொடுவதில்லை. கொஞ்சநாள் கரண்டியால் சாப்பிட்டார், இப்போது நான் வாயில் தீத்திவிடுகிறேன். மகளின் தலையைக்கூடத் தடவமாட்டார்.

சனமும் சும்மா விடவில்லை. பிள்ளையைக் காணாத தாய்மார் மூதூரில் இருந்துகூடப் படத்தோடு வந்து, கடலுக்குள்ள இந்த முகத்தைக் கண்டனீங்களோ எண்டு கேட்கிறார்கள். முகம் பார்த்து எடுக்கிற வேலையா அது? அவர் ஒவ்வொரு படத்தையும் கன நேரம் பார்த்துவிட்டு இல்லை என்பார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. இதே ஊர்தான், தேரன்று வடம் பிடிக்கப் போனவரை, பிணம் தொட்ட கை, துடக்கு, தள்ளி நில் என்று சொன்னது. மரத்தால் விழுந்தவரை மாடு ஏறி மிதித்த கதை. நான் கோயில் வாசலிலேயே வாய்ச்சண்டை போட்டேன். அவர் வீட்டுக்கு வந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல மனிதர். இது மனவருத்தம், மனசில் வந்த நோய், கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். உங்கள் அக்கா கமலேஸ்வரி விடவில்லை. விசர் ஆஸ்பத்திரிக்குப் போனவன்ர மகளை நாளைக்கு ஆர் கட்டுவான் எண்டு கத்துகிறார். மகளுக்கு இப்போதுதான் பால்பல் விழுகிறது! ஆனால் எனக்கும் பயம்தான். வழியெல்லாம் ஆமிக்காரன் சென்றியில் இறக்கி விசாரிப்பார்கள். வாய் திறக்காத தமிழனை வருத்தக்காரன் என்று எவன் நம்புவான்?

கடைசியில் அக்காவின் சொல்லுக்குத் தம்பலகாமத்தில் பேய் ஓட்டுகிறவரிடம் கொண்டுபோனோம். கடல்பேய் என்று சொல்லி அரையில் கறுப்பு நூல் கட்டிவிட்டார். அன்று பிடித்தது சனி. உங்கள் அண்ணா அந்த நூலைப் பிடித்து விட்டு விட்டு இழுத்தார். பொறுத்துப் பார்த்தார், திரும்பவும் இழுத்தார். பேய் நூலை அறுக்கப் பார்க்குது என்று அக்கா விபூதியை அள்ளிப் பூசினார். நானும் அப்படித்தான் நம்பினேன். கிண்ணியாவில் இருந்து பார்க்க வந்த வள்ளக்கார ஆதம்பாவா நானா அதைக் கண்டு வாசலிலேயே அழுதுவிட்டார். தங்கச்சி, இது பேயில்ல, கீழ இருந்து தூக்கச் சொல்லி இழுக்கிற இழுவை என்றார்.

நூலை வெட்டி எறிந்தேன். கொடிக்கயிற்றை அவர் அரையில் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டுதான் இப்போது சமைக்கிறேன். அவர் இழுத்தால் நானும் இழுப்பேன். அப்போது ஒரு வெளிச்சம் வரும் முகத்தில். பிறகு திரும்பி, நான் நிற்பதைக் கண்டதும் முகம் விழுந்துவிடும். அவர் தேடுகிற ஆள் நான் இல்லை, தம்பி.

போன கிழமை நான் கடைக்குப் போன நேரம் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். உடுத்த சாரத்தோடு கழுத்தளவுக்கு இறங்கிவிட்டாராம். ஆதம்பாவா நானாதான் பிடித்துக்கொண்டு வந்தார். ஏன் கயிறில்லாம இறங்கினீங்க என்று நானா கேட்டதற்கு, பிடிக்க ஆளில்லை, பிறகென்னத்துக்குக் கயிறு என்றாராம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் போயிராவிட்டால் ஒருநாள் உங்களையும் அவர்தான் தடவி எடுத்திருக்க வேண்டும்.

உங்களால் வர ஏலாது, வந்தால் திரும்பிப் போக ஏலாது என்பது எனக்குத் தெரியும். வரச் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு சந்தியில் இருக்கிற டெலிபோன் கடையில் இருப்பேன். இலக்கம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சுகம் விசாரிக்க வேண்டாம். கேள்வி கேட்டால் அவர் வைத்துவிடுவார். வள்ளத்தில் நின்று கூப்பிடுவீர்களே, அந்தக் குரலில், அண்ணை ஏறிட்டீங்கள், வள்ளத்துக்குள்ளதான் இருக்கிறீங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பொய்தான். உங்கள் வாயால் வந்தால் நம்புவார்.

அம்மன் உங்களை அந்தக் குளிருக்குள் காப்பாற்றட்டும். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதீர்கள். நீங்கள் கூப்பிடும் வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கை நோகுது, தம்பி.

இப்படிக்கு
உங்கள் அண்ணி,
பூரணி