கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வாட்ச்மேன் "குட்மார்னிங் மேஜர் சார்" என்றான். நான் எங்கே மேஜர்? முகாம் வாசலில் நின்று, உள்ளே வருகிற வண்டிகளுக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தே சர்வீஸை முடித்தவன். இரண்டு தடவை சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. காரணமே இல்லாமல் ஒருத்தன் இவ்வளவு மரியாதை கொடுத்தால் எதற்கோ அடி போடுகிறான் என்று அர்த்தம்.

இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பட்டாளத்தை விட்டு வருகிறவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்து தரும் அலுவலகம் கொடுத்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம். நான் நிஜமாகவே குடியிருக்கிறேன் என்று திருப்தியானால்தான் நிலையாகக் கிடைக்கும். வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிற ஆட்கள் உண்டாம், அதற்காக இந்த ஏற்பாடு. அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு எங்கேயோ இடிக்கிறது. கேட்டவுடன் வீடு கொடுக்கிற உலகமா இது?

ஆனால் கிடைத்தாக வேண்டும். கிடைத்தால்தான் பாப்பா வருவாள். பதினேழு வயதுப் பாப்பா! அவள் அம்மா தவறிப் போனதிலிருந்து என் அக்கா வீட்டில் வளர்கிறாள். அக்கா மகனுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மருமகள் வந்தால் பாப்பா படுக்கிற அறை அவர்களுக்குப் போகும். அக்கா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

விடிவதற்கு முன்னால் ஸ்கூல் பஸ் எடுக்கப் போய்விடுகிறேன். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் யார் நுழைகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இன்றிலிருந்து பழைய வேலையை ஆரம்பித்திருக்கிறேன். பூட்டும்போது கதவிடுக்கில், கீல் பக்கம், ஒரு சின்னக் காகிதத் துண்டு. யாராவது திறந்தால் கீழே விழும். நான் உள்ளே போகும்போது எடுத்துக்கொள்வேன், வெளியே போகும்போது அதே இடத்தில் சொருகுவேன்.

சாயந்திரம் வந்து பார்த்தேன். துண்டு அப்படியே இருந்தது. இன்றைக்கு யாரும் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு நாள்கூட வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. நடுக்கூடத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை துணியில், கண் என் கதவில். காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருக்கிறாராம், வாட்ச்மேன் சொன்னான். காற்றாவது கத்திரிக்காயாவது! மதியம் கொஞ்சம் படுக்க வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது கதவுத் துளையில் கண்ணை வைத்து நிற்கிறேன். அவர் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்கும்போது சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறேன். ஏறி வரும்போதும் இப்படித்தான். நான் எப்போது வருகிறேன், போகிறேன் என்ற கணக்கு அவருக்கு எதற்கு?

திரைச்சீலையையும் இழுத்தே விட்டிருக்கிறேன். துணியை வெளியே காயப் போடுவதில்லை.

மார்ச் 12, வியாழன்

யாரோ ஒரு பெண் வந்து என்னைப் பற்றி விசாரித்திருக்கிறாள். வாட்ச்மேன் சொல்கிறான்.

"பச்சைப் பை மாட்டிட்டு வந்தாங்க மேஜர் சார். போன வாரமும் ஒருநாள் வந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"சும்மா, இருக்கீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருப்பாருன்னு சொன்னேன்."

இருப்பாரு! அதென்ன பதில்? இரண்டு தடவை வந்தவளைப் பற்றி ஒரு தடவைதான் சொல்கிறான். இவனும் அவளும் கூட்டோ? மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். காகிதம் இடத்தில் இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பச்சைப் பை யாரென்று தெரிந்துவிட்டது. வீட்டு அலுவலகத்து அம்மா. இன்று போன் செய்து, நான் இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு நான் பயப்படுகிற ஆளா? படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. அடுப்பு பளபளவென்று இருந்தது, கடையில் வைத்த மாதிரி. சுவரில் ஆணி இல்லை, கீறல் இல்லை. அந்த அம்மா மேசையை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தூசி இல்லை. நான் விறைப்பாக நின்றேன்.

"சமைக்கிறதில்லையா சார்?"

"பஸ் டிப்போ கேன்டீன்லயே முடிச்சுக்குவேன்மா. அடுப்பு அழுக்காகாது."

"பெட்டியெல்லாம் கட்டியே வெச்சிருக்கீங்களே?"

"எப்பவும் தயாரா இருப்பேன்மா!"

தலையாட்டிக்கொண்டு ஏதோ எழுதினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்காத அதிகாரி நேர்மையானவராக இருப்பார், அல்லது ஏதாவது எதிர்பார்ப்பார். இவள் எந்த ரகம்? எதுவாக இருந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவுக்குப் போன் செய்து "ஜெயிச்சாச்சு" என்றேன். பாப்பா பின்னாலிருந்து கூச்சல் போட்டது கேட்டது.

மார்ச் 20, வெள்ளி

போன் வந்தது. "அந்த வீட்டுல நீங்க குடியிருக்கறதாவே தெரியலை சார். வேற ஒருத்தருக்குக் கொடுக்கற மாதிரி இருக்கும்" என்கிறாள் பச்சைப் பை. நான் குடியில்லையாம். அப்ப இங்க படுத்து எழுந்திரிக்கறது யாரு? பேயா?

எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான். வாட்ச்மேனா? தையல்காரரா? இந்த வீட்டின் மேல் யாருக்குக் கண்?

அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? பாப்பா புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டாளாம்.

மார்ச் 21, சனி

எதிர்வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நிற்க முடியவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

"அந்தம்மாகிட்ட என்னைப் பத்தி என்னய்யா சொன்னீங்க?"

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு சார்?" என்றார்.

நான் யாராம்! "எதிர்வீடுய்யா!"

"எதிர்வீடா? அது காலி வீடாச்சே. அந்தம்மா கேட்டப்பவும் யாரையும் பார்த்ததில்லைன்னுதான் சொன்னேன்."

"வேணும்னே சொன்னீங்க!"

"சார், ரெண்டு மாசமா ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது, ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கிடையாது. ஜன்னல்ல வெளிச்சம் கிடையாது. நான் வேற என்ன சொல்லுவேன்? பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

நடிக்கிறார் என்று நினைத்துத்தான் படாரென்று கதவைச் சாத்தினேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. நடிக்கிறவர் முகம் எனக்குத் தெரியும். எத்தனை வண்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! அது நடிக்கிற முகம் இல்லை.

மார்ச் 23, திங்கள்

அரை நாள் லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனேன். யார் புகார் கொடுத்தது என்று தெரியாமல் திரும்பக் கூடாது என்ற முடிவோடு. பச்சைப் பை நாற்காலியில் மாட்டியிருந்தது. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"யாரும் புகார் கொடுக்கலை சார். நானே ரெண்டு தடவை வந்தேன். முதல் தடவை கதவிடுக்குல ஒரு காகிதத் துண்டு சொருகியிருந்தது. அடுத்த வாரம் வந்தப்பவும் அதே துண்டு, அதே இடத்துல. அப்ப இந்தக் கதவைத் திறந்தே ஒரு வாரம் ஆச்சுன்னுதானே நினைப்பேன்? உள்ள வந்து பார்த்தா அடுப்புல கறை இல்லை, பெட்டி பிரிக்கலை, கொடியில துணி இல்லை. சாவி வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

எவனோ எனக்குக் குழி பறிக்கிறான் என்று ஊரையே முறைத்துக்கொண்டு திரிந்தேனே! பறித்தது நான்தான், என் கையாலேயே.

"அது நான் வெச்சதும்மா," என்றேன். "யாராவது வர்றாங்களான்னு பார்க்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன். அதுதான் கடைசி" என்றாள். அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பாப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, நீங்க அங்க குடியிருக்கலை. காவல் இருக்கீங்க."

"சிரிக்காத. வீடு போயிடும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்ப நான் எங்கப்பா போவேன்?"

ஏதோ உளறினேன்.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசினேன். குடியிருக்கிற வீடு மாதிரித் தெரிய வேண்டுமே. பல் துலக்கி முடிப்பதற்குள் கை தானாகப் போய் அதை மடித்து வைத்துவிட்டது. சே!

மார்ச் 25, புதன்

பெட்டியைப் பிரித்தேன். அடியில் பாப்பா அம்மாவின் படம், என் பழைய பனியனில் சுற்றியபடி. மாட்ட வேண்டும் என்றால் ஆணி அடிக்க வேண்டும். எந்தக் குவார்ட்டர்ஸிலும் நான் ஆணி அடித்ததே இல்லை. காலி செய்கிற அன்றைக்கு ஒவ்வொரு ஓட்டைக்கும் கேள்வி கேட்பார்கள். அவள் எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறாள், ஒரு காலண்டர் மாட்ட!

வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம்தான். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதில் காரை உதிர்ந்தது. மூன்றாவதை அடித்துப் படத்தை மாட்டும்போது கதவு தட்டினார்கள்.

தையல்காரர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சுத்தியலோடு போய்த் திறந்தேன். அவர் சுத்தியலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் சார் இந்த வீட்டுல ஒரு சத்தம் கேக்குது" என்றார். பிறகு, "கொஞ்சம் இடப்பக்கம் தூக்குங்க. கோணலா இருக்கு."

டீ போட்டேன். பச்சைப் பை வெள்ளிக்கிழமை மறுபடி வருவதைச் சொன்னேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்க எழுந்தேன். "விடுங்க சார், வெள்ளிக்கிழமைக்கு ஆகும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

பச்சைப் பை வந்தாள். தையல்காரரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார், யாரும் கூப்பிடாமலே. அந்த அம்மா அடுப்பைப் பார்த்தாள், உதிர்ந்த காரையைப் பார்த்தாள், படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பும்போது முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பொண்ணை வரச் சொல்லுங்க சார்."

இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ? எழுத்தில் வரட்டும், பார்க்கலாம்.

மார்ச் 31, செவ்வாய்

எழுத்தில் வந்துவிட்டது. தையல்காரரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறதாம்.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தேன். மாடி ஏறும்போதே தெரிந்தது, கதவு திறந்து கிடக்கிறது. அகலத் திறந்து! இரண்டிரண்டு படியாக ஏறினேன். எதிர்வீட்டில் தையல்காரர் தலையைத் தூக்காமலே, "காத்து வரட்டும்னு திறந்து வெச்சிருக்கா சார்" என்றார்.

வாசலில் பாப்பாவின் செருப்பு, ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று கவிழ்ந்து இன்னொரு பக்கம். உள்ளே எட்டிப் பார்த்தால் கட்டில் மேல் ஈரத் துண்டு, மேசையில் கழுவாத தம்ளர். இவள் போனில் யாரிடம் இப்படிக் குசுகுசுவென்று பேசுகிறாள்? கேட்டால் தோழியாம். விசாரிக்க வேண்டும்.

குனிந்து செருப்பை நேராக வைக்கப் போனேன். வைக்கவில்லை. என் செருப்பையும் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.