பூட்டிய அறைக்குள் எரிகிற பல்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை நீ நாலு வரி கூடுதலாக எழுதினால்தான் இங்கே எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். அண்ணன் குழந்தைக்குக் கீழ்வரிசையில் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காலையும் கடித்துவிட்டாள், அவரும் அதை மாற்றாமல் அந்தப் பல் தடத்தோடேயே போட்டுக்கொண்டு பெருமையாக அலைகிறார். மழை விட்டபாடில்லை. போட்ட துணி போட்டபடி ஈரமாகத் தொங்குகிறது, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிவிட்டது, கொல்லைக் கதவு ஊறிப்போய்ச் சாத்தவே மாட்டேன் என்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு கட்டியவரைத்தான் நாலு வார்த்தை கேட்க வேண்டும், ஆனால் அவர் உன் அப்பாவாகப் போய்விட்டார். ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் ரைஃபிள் கிளப்புக்கே வந்து என்னை அழைத்துக்கொண்டு போகிறார். நேரத்துக்கு முன்னாலேயே வந்து நடையில் நிற்பார், நான் அறையைப் பூட்டி, ஆபீசில் போய்க் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவரை பொறுமையாகக் காத்திருப்பார். கல்யாணமான புதிதில்கூட இப்படி நின்றதில்லை.

உன் ரைஃபிள் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தாய், அதற்கு முந்தியதிலும் கேட்டிருந்தாய். நான் குழந்தை கதையை எழுதி மழுப்பிவிட்டேன், உனக்கும் புரிந்திருக்கும். இப்போது மனசு லேசாகிவிட்டது, சொல்கிறேன். குண்டு போட இழுக்கிற அதன் போல்ட்டில், கைப்பிடிக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருந்தது. பதறாதே, முழுக்கப் படி. உன்னுடையதில் மட்டுமில்லை, கிளப்பில் நல்ல துப்பாக்கி எது எதுவோ அதிலெல்லாம் இருந்தது. அந்தத் துப்பாக்கி அறைச் சாவி என் கைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேவலம் நடந்ததில்லை என்று உனக்கே தெரியும். சுட்டு முடித்ததும் குழலைத் துடைக்காமல், மெல்லிசாக எண்ணெய் பூசாமல் ஒன்றையும் உள்ளே வாங்கமாட்டேன். மெத்தை வைத்த பெட்டியில் போட்டு மூடி வைத்தால் அந்த மெத்தை ஈரத்தைக் குடித்துவிட்டு இரும்புக்கு ஊட்டும் என்று உன்னையே எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். எல்லாம் வலைக்கதவு போட்ட அலமாரியில் காற்றாட நிற்கும், அலமாரிக்கு அடியில் ஒரு குண்டு பல்பு ராவும் பகலும் எரியும், அந்தச் சூடு இருக்கிறவரை கடல்காற்றின் ஈரம் இரும்பில் உட்காராது. இத்தனையும் செய்தும் துரு. துடைத்து வைத்தால் மறுபடியும் வந்து நின்றது.

முதலில் எண்ணெய்க்காரன்தான் ஏமாற்றுகிறான் என்று நினைத்து எண்ணெயை மாற்றினேன். ஈரம் உறிஞ்சுகிற அந்த நீல மணிகளைப் பழைய தட்டில் கொட்டிச் சூடுபடுத்திப் புதுசாகப் பை கட்டி வைத்தேன். அப்புறம் என் சந்தேகம் யார் மேல் விழுந்தது தெரியுமா, பாங்கில் வேலை பார்க்கிற அந்த ஒல்லி மனிதர் மேல், எப்போதும் உள்ளங்கை வியர்க்கிறதென்று நீங்களெல்லாம் ‘ஈரக்கை’ என்று பட்டம் கட்டினீர்களே, அவரேதான். வியர்வையில் இருக்கிற உப்பு பட்டால் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும், அது உண்மைதான். அதற்காக எல்லோர் துப்பாக்கியிலுமா அவர் கை பட்டிருக்கும்? அதை யோசிக்க எனக்கு எங்கே புத்தி இருந்தது? நாலு பேர் பார்க்கப் பருத்திக் கையுறையை நீட்டி இதைப் போட்டுக்கொண்டுதான் இனிமேல் தொடணும் என்றேன். பாவம், “சரிங்கக்கா, நம்ம கை அப்படி” என்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

கிளப் போட்டி நெருங்க நெருங்கச் செயலாளர் முகம் மாறிவிட்டது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, உங்களக் குறை சொல்லல. ஆனா கமிட்டில வேற ஆளு வச்சுப் பாக்கலாம்னு பேச்சு அடிபடுது” என்றார். சம்பளம் பெரிசில்லை, அது போனால் போகட்டும், ஆனால் உனக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அறை, நீ முதல் பதக்கத்தோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்ட அறை, அதிலிருந்து துருப்பிடிக்கவிட்டவள் என்ற பெயரோடு இறங்குவதா? வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கமிட்டிக்காரர்கள் ஒரு சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அவர்கள் பார்த்து முடித்ததும் நான் அறையைப் பூட்டினேன், நடையிலேயே நின்று பேச்சு நடந்தது. ஈரக்கையும் கையுறையோடு ஒரு ஓரமாக நின்றார். ஒருவர் ஏசி போடலாம் என்றார், குளிர்ந்த இரும்பை இந்தக் காற்றில் வெளியே எடுத்தால் மேலெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ளும், வேறு வினையே வேண்டாம் என்றேன். இன்னொருவர், அப்படியானால் காரணம்தான் என்ன, ஒன்று காரணத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாவியைக் கொடுங்கள் என்று கறாராகவே கேட்டுவிட்டார். அப்பா வழக்கம்போல முன்னாலேயே வந்து சுவரோரமாக மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். பேச்சு முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவிட்சு போர்டில் டக்கென்று ஒரு தட்டு தட்டினார். பூட்டிய கதவுக்கு அடியில் தெரிந்துகொண்டிருந்த வெளிச்சக் கோடு அணைந்துபோயிற்று.

எல்லோரும் திரும்பினோம். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆளில்லாத ரூம்ல எதுக்குங்க லைட்டு? தினம் நாந்தான் அணைச்சிட்டுப் போறேன்” என்றார், அதுவும் எவ்வளவு பெருமையாக! ஊர் முழுக்கக் கரண்ட் மீட்டர் பார்த்தே தலை நரைத்த மனுஷன், நம் வீட்டில் நாம் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைக்கிறவர், அந்தக் கை சும்மா இருக்குமா? நானோ காலையில் வந்ததும் போர்டில் இருக்கிற சுவிட்சையெல்லாம் பார்க்காமலே வரிசையாகப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவள். பல்பு ராத்திரியெல்லாம் அணைந்து கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய்க்காரனைத் திட்டினேன், ஈரக்கையை அவமானப்படுத்தினேன், துருவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானே வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். முதலில் சிரித்தது ஈரக்கைதான். அவர் சிரிக்கவும் கமிட்டியே குலுங்கிவிட்டது. கறாராகப் பேசியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. சாரைத்தான் கேட்டுக்கு வெளியில நிறுத்தணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா, “என்னாலயா உன் வேலை போகப் பாத்துச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று கேட்டார். நன்றாக வெடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மறுநாளே செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துணியும் எண்ணெயுமாகத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், ஒவ்வொன்றாகத் துடைத்தார். உன்னுடையதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. எண்ணெயில் ஊறவைத்து ஊறவைத்து மெள்ளத் தேய்த்ததில் புள்ளியெல்லாம் போய்விட்டது, கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன நிழல் மட்டும் நிற்கிறது, சுடுவதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தச் சுவிட்சுக்கு ஒரு மரப்பெட்டி செய்து மூடி ஆணியும் அடித்தவர் அவர்தான். ஈரக்கையிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன், கையுறையைத் திருப்பித் தரச் சொன்னேன். “இருக்கட்டும்க்கா, இதப் போட்டப்புறம்தான் குறி நல்லா விழுது” என்று தரவே மாட்டேன் என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று உன் அறையைக் கூட்டப் போனேன், உன் அலமாரி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. திறந்து பார்த்தால் கீழ்த்தட்டில் ஒரு சின்ன பல்பு, துணியில் படாமல் கம்பிக்கூடு எல்லாம் போட்டிருக்கிறது. நீ சுடும்போது போடுகிற தடிச் சட்டை, பதக்கம், பள்ளிக்கூடப் போட்டோ, எல்லாம் காய்ந்து கதகதவென்று இருக்கிறது, ஒரு பூஞ்சை வாடை இல்லை. ஆளில்லாத ரூமில் எதற்கு லைட்டு என்று அப்பாவிடம் அவர் பாஷையிலேயே கேட்டேன். “ஆளில்லன்னு யாரு சொன்னா?” என்றார். மீட்டர் ஓடுதே என்றேன். ஓடட்டும் என்றார். உன் அப்பா வாயிலிருந்து!

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, நோய்நொடி இல்லாமல் நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசியும். லீவு எப்போது என்று மறக்காமல் எழுது. பல்பை என்றைக்கு அணைக்கலாம் என்று அப்பாவிடம் நான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சாவியை இன்னும் இடுப்பில் செருகியிருக்கிற
உன் அம்மா