சந்திரிகா சொல்லாதது

சேலையூர்,
18.8.2024

அன்பு மகன் தயாளனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகள் சந்திரிகா தேறி வருகிறாள். மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினம் ஃபோனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று நினைப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது. நான் ஆரம்பித்தால் நீயும், 'சைட்ல கூப்புடறாங்கப்பா' என்று வைத்துவிடுவாய். அப்புறம் நாலு நாள் பேச மாட்டாய். எழுதிவிட்டால் நீ தனியாக இருக்கும்போது படிக்கலாம், பாதியில் மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தும் படிக்கலாம்.

கடை ஓடுகிறது. கேம்ப் ரோடைத் தோண்டிப் போட்டிருப்பதால் வண்டி நிறுத்த இடமில்லை, பெயிண்ட் வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாடியில் தண்ணீர் டேங்க் கசிந்தது, ஆள் வைத்து அடைத்தாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சந்திரிகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வயிற்று உபாதை என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

நீ போன தடவை வந்தபோது குழந்தைக்கான சிகிச்சைக்கு உன்னிடமிருந்து வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். மிச்சம் எல்லாம் அவள் தலையில். ஃபிரிட்ஜிலிருந்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலை பார்க்கும் காட்டாங்குளத்தூர் காலேஜின் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அம்மா ஒருநாள், "நான் புடிச்சிக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டதற்கு, "பழகிடுச்சு அத்தை" என்றாள்.

கருமுட்டை எடுத்துவிட்டு வந்த பிறகு அவளுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. முதலில் வாயு என்று நினைத்தோம். அப்புறம் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். ஊசி மருந்து உடம்புக்கு மீறிப்போய் வயிற்றில் நீர் கோத்துவிட்டது, சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்றார்கள்.

அங்கே பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். குறித்துக்கொண்டே கேட்டாள்: "எதுக்காகம்மா இந்த ட்ரீட்மென்ட்? யாருக்குப் பிரச்சினை?"

சந்திரிகா என்னைப் பார்த்தாள். "எனக்குத்தான் மேடம்" என்றாள்.

"உனக்கு என்ன? நீர்க்கட்டியா, டியூப்ல அடைப்பா? கரெக்டா சொல்லணும், அதுக்கேத்த மாதிரிதான் மருந்து கொடுப்போம்."

அவள் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றாள். வெளியே என்றால் எங்கே? ஒரு பச்சைத் துணித் திரை, அவ்வளவுதான். அதற்கு இந்தப் பக்கம் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் நார்மல். அவருக்குத்தான் விந்தணு கவுண்ட் ரொம்பக் கம்மி. வெளிய நிக்கிறவர் எங்க மாமனார். வீட்ல யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

தயாளா, இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கிழித்துப் போடாதே. இன்னும் கொஞ்சம் படி.

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வயிற்று நீரைக் குழாய் வைத்து எடுத்தார்கள். வார்டில் அம்மாவும் நானும் மாறி மாறி இருந்தோம். நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் அவள் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தாள். ஃபோனை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கல்யாணமான இந்த ஆறு வருஷமும் அம்மா எந்தக் கோவிலுக்குக் கூப்பிட்டாலும் போனாள். லேகியம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் முழுங்கினாள். ராஜகீழ்பாக்கத்தில் நம் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பில், வளையல் போடப் போனவளை, 'நீ அப்புறமா வாம்மா' என்று நகர்த்தினார்களே, அப்போதும் வாய் திறக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். என் மருமகளுக்கு ஏதோ குறை, பாவம் என்று நினைத்துக்கொண்டு பாயசம் சாப்பிட்டேன்.

அவள் வீடு திரும்பியதும் உன் அத்தை சரோஜினி பார்க்க வந்தாள். என் தங்கைதான், மனசில் விஷம் இல்லாதவள்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "இன்னா அண்ணி, இந்தப் பொண்ணு உடம்பு இதையே தாங்கல. இன்னும் எவ்ளோ நாளு பாப்பீங்க? தயாளனுக்கு வயசு போய்க்கினே கீதே. வேற எதனா யோசிக்கக் கூடாதா?" என்றாள்.

உன் அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் பெருமூச்சு விட்டாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. "சந்திரிகாவுக்கு ஒரு குறையும் இல்ல. குறை நம்ம பையனுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, "இன்னாங்க சொல்றீங்க, நம்ம புள்ளைக்கா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் என் காதில் விழுந்ததைச் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "சரோஜினி, நீ கெளம்பு. இந்த வூட்ல அந்தப் பேச்சு இனிமே வேணாம். வெளியவும் போய்ப் பேசாத" என்றாள். சரோஜினி அழுதுகொண்டே போனாள். போகும் முன் சந்திரிகா படுத்திருந்த அறையைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

சந்திரிகா சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏன் மாமா சொன்னீங்க? நான் உங்ககிட்ட கேட்டனா?" என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போவாள். மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன். "அவர் இதுக்காகத்தானே ஊரைவிட்டுப் போனாரு? வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சுன்னா இனிமே வரவே மாட்டாரு மாமா. நான் தாங்கிக்கிட்டது எல்லாம் அவர் திரும்பி வரணும்னுதான்" என்று சொன்னாள்.

அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நீ எங்கள் பிள்ளைதான், ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. எனக்குச் சர்க்கரை வந்ததைப் போல உனக்கு இது வந்திருக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணை ஊசியோடும் ஊர்ப் பேச்சோடும் தனியாக விட்டுவிட்டுப் போனாயே, அந்தக் கோபம் மட்டும்தான்.

போன வாரம் சந்திரிகா சம்மதித்ததன் பேரில் அவளுடன் போய், இந்தச் சிகிச்சை செய்கிற டாக்டர் ஜோசலினைப் பார்த்தேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். "சார், இது முடிஞ்சுபோன விஷயம் இல்ல. அவர் நேர்ல வரணும். விதைப்பையில நரம்பு வீக்கம் இருக்கான்னு பார்க்கணும், இருந்தா சின்ன ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம். சிகரெட்டை விடணும். பாய்லர் பக்கத்துலயே வேலைன்னு சொல்றாங்க, அந்தச் சூடும் நல்லதில்ல. இவ்வளவு பண்ணாலும் குழந்தை பிறக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். நேராகப் பேசுகிற அம்மாள்.

கரு சில உருவாகி, உறைய வைத்திருக்கிறார்கள். அதைக் கர்ப்பப்பையில் வைப்பதை அவள் உடம்பு நன்றாகத் தேறும்வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். தேறினாலும், "அவர் பக்கத்துல இல்லாம இனிமே அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் மாமா" என்று சந்திரிகா சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ சொல்றதுதான் சரி" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நார் உரித்தாள். லேகியப் பாட்டிலை அம்மாவே குப்பையில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் சந்திரிகா வேலைக்குப் போகிறாள். காலையில் பஸ் ஸ்டாப்வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். வேண்டாம் என்கிறாள், ஆனால் ஏறிக்கொள்கிறாள். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்த பிறகு நீ முதலில் எனக்கு ஃபோன் செய்யாதே, அவளுக்குச் செய். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமலே இரு, வைத்துவிடாமல் இருந்தால் போதும்.

லீவு கிடைக்கும்போது வா. கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. பெட்டி நிறையச் சாமான் வாங்கி வராதே, ஒன்றும் வேண்டாம். பிள்ளை பிறந்தால் தூக்கி வளர்க்க நாங்கள் இருக்கிறோம். பிறக்காவிட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்கும் நாங்கள் இருக்கிறோம். நான் கும்பிடுகிற சாமியிடம் இப்போது கேட்பது இது ஒன்றுதான்.

நீ வரமாட்டாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், தயாளா. அதை மட்டும் பொய்யாக்கிவிடு.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அப்பா,
ஏகநாதன்