ஒரு நாளும் ஆஃப் ஆகாத வண்டி

திருமுல்லைவாயில்,
3-2-2025, திங்கட்கிழமை.

அன்பு மகன் எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலமாக இருக்கிறோமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். தினமும் வீடியோவில் பேசுகிறவள் எதற்கு ஆக்லாந்துக்குத் தபால் போடுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பத்து நாளாகச் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு எதையும் நான் உன்னிடம் பேசவில்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் பிரஷர் மருந்தில் அடங்கியிருக்கிறது. இடது கால் தரையில் ஊன்றுகிறது, கைதான் இன்னும் மடிந்தே கிடக்கிறது. பேச்சு நாளைக்கு நாலைந்து வார்த்தை வருகிறது. நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. மருமகள் தீபிகாவுக்குப் பல்வலி எப்படி இருக்கிறது? அவளை உப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் போகச் சொல். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உன் மேல்தான்.

போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி டிரைவிங் டெஸ்டில் நான் தேறவில்லை. தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னது பொய். ஆனால் இந்த விஷயத்தில் முதல் பொய் என்னுடையது அல்ல. வரிசையாகச் சொல்கிறேன்.

ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு எதற்கு இந்த ஆசை என்று நீ கேட்டாய். ஆசை என்ற சொல்லையே அப்போது நான் மறுத்திருக்க வேண்டும். ஆடி மாதம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு வாதம் வந்தது உனக்குத் தெரியும். வண்டி பால் பூத் சுவரில் உரசி நின்றது. அதுவாக நின்றதே தவிர நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எதைத் தொட்டால் வண்டி நிற்கும் என்று தெரியாது. "என்னாங்க, என்னாங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லாத இன்னொன்று ஐப்பசியில் நடந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆவடிக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ஆட்டோவில் அவரால் குனிந்து ஏற முடியாது. கால் டாக்ஸி போட்டோம். வந்தவர் நான் அப்பாவைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றினார், போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. மெயின் ரோட்டில் நாற்பது நிமிடம் நின்றோம். அப்புறம் ஆவடிக்குப் போகவில்லை. அவருக்கு வேட்டி மாற்றுவதற்காக வீட்டுக்குத் திரும்பினோம். முப்பத்து நான்கு வருடம் சட்டை மடிப்புக் கலையாமல் ஃபாக்டரிக்குப் போய் வந்த மனிதர், அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மறுநாள் நான் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பம் போட்டேன்.

நான் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். ஆங்கில எழுத்துகளைக்கூட ரயில் நிலையப் பலகைகளில் தமிழோடு ஒட்டிப் பார்த்து நானே படித்துக்கொண்டவள். சாலைச் சின்னங்கள் அத்தனையையும் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து படித்தேன். கம்ப்யூட்டர் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. அன்று நீயும் பெருமையாகத்தான் பேசினாய். அதுவாவது உண்மையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மாஸ்டர் பெயர் ஜம்புலிங்கம். மார்கழிக் குளிரில் காலை ஆறரைக்கு வகுப்பு. என்னோடு கவிப்பிரியா என்று ஒரு பெண் வந்தாள், வங்கியில் வேலை. அவள் ஓட்டினால் சிக்னலுக்கு சிக்னல் வண்டி ஆஃப் ஆகும். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துவான், இவள் அழுவாள். நான் ஓட்டினால் வண்டி தண்ணீர் மாதிரிப் போகும். இருபத்தாறு வகுப்பில் ஒரு நாளும் ஆஃப் ஆனதில்லை. "அம்மா ஸ்டியரிங் புடிச்சா பஸ்ஸே ஓட்டலாம்" என்பார் ஜம்புலிங்கம். நான் அதை நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? "பயப்படாதம்மா, கிளட்ச்ச பதமா விடு" என்று அந்தப் பெண்ணுக்குப் புத்தி வேறு சொன்னேன்.

பெடல்கள் சில நேரம் என் காலுக்கு அடியில் தானாகவே இறங்கும், ஏறும். எனக்கு அது விநோதமாகவே படவில்லை. நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவள் நான். முதலில் ஒரு அழுத்து அழுத்திவிட்டால் அப்புறம் மிதிப்பலகை அதன் ஓட்டத்தில் காலைத் தூக்கிக்கொண்டு போகும் இல்லையா? காரும் அந்த மாதிரிதான், பழகிய காலுக்கு அது இசைந்து கொடுக்கிறது என்று நினைத்தேன். மாஸ்டரின் முழங்கால் அசைவதையும் ஓரக்கண்ணில் பார்த்திருக்கிறேன். பாவம், மூட்டு வலி என்று நினைத்து ஒரு நாள் முடக்கத்தான் அடை செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

டெஸ்டுக்கு அன்று முப்பது பேருக்கு மேல் நின்றோம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, புதிதாக மாற்றலாகி வந்தவராம். என் முறை வந்தது. ஜம்புலிங்கம் வழக்கம்போல இடது பக்கம் ஏறப் போனார். இன்ஸ்பெக்டர் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வண்டியை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். ஒரு குலுக்கல், ஆஃப். மறுபடி போட்டேன், மறுபடி ஆஃப். மூன்றாவது முறை வண்டி தவளை மாதிரி எகிறி நின்றது. நான் கொஞ்சமும் தயங்காமல் "மேடம், வண்டி ரிப்பேர்" என்றேன். இருபத்தாறு நாள் ஓட்டியிருக்கிறேன், இப்படி ஒரு முறையும் ஆனதில்லை, வேறு வண்டி கொடுங்கள் என்று சண்டையே போட்டேன். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலடியில் கிடந்த கால்மிதியை ஒதுக்கிக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

அங்கேயும் கிளட்ச், பிரேக் இருந்தன. அவர் தன் பக்கத்து கிளட்சைக் கையால் அழுத்தினார். என் காலடியில் இருந்தது தானாக இறங்கியது.

எழில், அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்த அன்றுகூட எனக்குக் குரல் இருந்தது. இங்கே குரலே வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டி எல்லாவற்றிலும் இது உண்டு, ஆரம்பத்தில் மாஸ்டர் மிதிப்பார், போகப் போகக் காலை எடுத்துவிடுவார், உங்களுக்குக் கடைசி வரை எடுக்கவே இல்லை போலிருக்கிறது, ஏழு நாள் கழித்து மறுபடி வாருங்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த ஏழு நாளை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஜம்புலிங்கத்தைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். என் கட்டணத்துக்கு இவ்வளவுதான் பாடமா, மற்றவர்களுக்கு எடுத்த காலை எனக்கு மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் என்னைத் தனியாக வேப்ப மரத்துப் பக்கம் அழைத்துப் போனார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கோச்சிக்காதம்மா. உன் புள்ளதான் வெளிநாட்லேர்ந்து போன் பண்ணாரு. அம்மா ஆசைக்கு ஓட்டிக்கினு இருக்கட்டும், நீங்க மட்டும் பெடல்லேர்ந்து கால எடுக்காதீங்கன்னாரு. டெஸ்ட்ல மட்டும் கால எடுத்துடுங்க, தன்னால பெயிலாயிடுவாங்க, அத்தோட ஊட்ல உக்காந்துடுவாங்கன்னாரு. பெத்த புள்ள சொல்றாரேன்னு நானும் உட்டுட்டேன்."

நான் நம்பவில்லை. அவர் தன் போனில் உன் எண்ணைக் காட்டினார். நியூசிலாந்து எண், கடைசியில் இரண்டு ஏழு. தினமும் நான் பேசுகிற எண்.

டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கவிப்பிரியா ஓடி வந்தாள். அவள் தேறிவிட்டாள். என் கையில் சாக்லேட்டைத் திணித்து, "ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரியே கிளட்ச்ச பதமா விட்டேன்" என்றாள். அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. கைக்குள்ளேயே உருகிப்போயிற்று.

நீ என்னை வேண்டாம் என்று தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். "இன்னைக்கும் ஆஃப் ஆகலடா" என்று நான் ஒவ்வொரு நாளும் உன்னிடம் சொன்னேனே, நீ "சூப்பர்மா" என்று கட்டை விரலைக் காட்டினாயே, அந்த இருபத்தாறு நாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த ஊரில் லைசென்ஸ் வாங்க நீ இரண்டு முறை தோற்றாய். நான் யாருக்காவது போன் செய்தேனா? பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய்தான் வேண்டிக்கொண்டேன். தோற்றால் உட்கார்ந்துவிடுவேன் என்று என்னைப் பற்றிக் கணக்குப் போட்டாயே, யார் வயிற்றில் பிறந்தோம் என்பதை மறந்துவிட்டாயா?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று, தோள் குலுங்கிற்று. மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மாத்திரை டப்பாவை எடுக்க ஓடினேன். சிரித்திருக்கிறார். ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் நல்ல கையால் ஆணியில் மாட்டியிருந்த நம் கார் சாவியைக் காட்டினார்.

மறுநாளிலிருந்து நானே கற்றுக்கொள்கிறேன். வேப்பம்பட்டுக்கு அப்பால் மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ரோடு இருக்கிறது, எல்லைக் கல் இருக்கிறது, ஒரு வீடு இல்லை. அப்பாவோடு ஃபாக்டரியில் இருந்த பாஸ்கரன் அண்ணன் நம் வண்டியை அங்கே ஓட்டி வந்து கொடுத்துவிட்டு, கல் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முதல் நாள் அவர்தான் இடது பக்கம் உட்கார்ந்தார். "இன்னா தங்கச்சி, ஆட்டுக்குட்டிய கட்டி இஸ்துகினு போற மாரி கீதே" என்றார். கீழே இறங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது இடது பக்கம் அப்பா உட்காருகிறார். அவர் வலது கை ஹேண்ட்பிரேக் மேலேயே இருக்கும். வண்டி மீறினால் இழுக்கிறார். மீறாவிட்டால் சும்மா இருக்கிறார். உன் ஜம்புலிங்கத்தைவிட நூறு மடங்கு நேர்மையான மாஸ்டர்.

முதல் நாள் முப்பத்தொரு முறை ஆஃப் ஆயிற்று. இரண்டாம் நாள் என் தொடை நடுங்கி, கிளட்சில் கால் வைக்கவே பயமாக இருந்தது. எதைத் தொட்டாலும் இது நான் செய்ததா, வேறு யாராவது செய்கிறார்களா என்று இடது பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டேன். நீ கொடுத்த வியாதி இது. நான்காம் நாள் கிளட்ச் பாதி ஏறியபோது வண்டி லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு பாதத்தில் ஏறி முழங்கால் வரை வந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டேன். வண்டி குலுங்காமல், பெருமூச்சு விடுகிற மாதிரி நகர்ந்தது. அப்பா சொன்னார், "போவுது."

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

வருகிற பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை எனக்கு மறுபடியும் டெஸ்ட். டிரைவிங் ஸ்கூல் வண்டி வேண்டாம், நம் வண்டியிலேயே போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும் என்று தபால் ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் இன்றைக்குப் போடுகிறேன். அதுவரை போனில் சாப்பாடும் மாத்திரையும்தான் பேசுவேன். நான் தேறியிருந்தாலும் தோற்றிருந்தாலும் அது என் காலால் ஆனதாக இருக்கும். தோற்றால் மறுபடி ஏழு நாள். எத்தனை ஏழு வந்தாலும் சரி. வண்டியை விற்றுவிடலாம் என்று இனி என்னிடம் பேச்செடுக்காதே.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பால் பூத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்ற அன்று, ஆம்புலன்ஸில் இருந்து உனக்கு நான்தான் பேசினேன். அத்தனை தூரத்தில் தனியாக நின்றுகொண்டு நீ அந்தப் போனை எப்படிக் கேட்டிருப்பாய் என்று நினைத்துப் பார்க்காத தாய் இல்லை நான். இன்னொரு முறை அப்படி ஒரு போன் வந்துவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறாய். ஆனாலும் நீ செய்தது தப்பு. அதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

நீயும் தீபிகாவும் நோய் நொடி அணுகாமல், ஒருவருக்கொருவர் மறைக்க எதுவும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். அப்பாவும் கை தூக்கி ஆசீர்வதிக்கிறார், நல்ல கையால்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைப் பற்றி உனக்கு இருக்கிற பயத்தை இனி ஊராரிடம் சொல்லாதே, என்னிடமே சொல். "அம்மா, எனக்குப் பயமாயிருக்கு" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனால் மெதுவாக ஓட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ராஜம்மா கஜபதி.