என் பங்கு வயலுக்கு அவள் யார்?

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? பால் கறக்கும் வேலைக்கு வந்த இந்த மாட்டுப்பண்ணையில் நான் சுகம்.

நெல்வயலை இடையிடையே காயவிட்டால் பூமியைச் சூடாக்கும் வாயு குறையும் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டார்களாம். பேத்தி போனில் சொன்னாள். நிலத்துக்காரர்களிடம் சம்மதம் கேட்டபோது, என் பங்கு வயலுக்கு எனக்குப் பதிலாக உங்கள் தம்பி பெண்டாட்டி கை தூக்கினாளாமே? அதுவும் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து! மகள் கல்யாணப் போட்டோவிலும் உங்களை இடித்துக்கொண்டு நின்றவள்தானே அவள்.

கேட்ட ஆத்திரத்தில் பால் வாளியை உதைத்துவிட்டேன். "என்ன பாட்டி, பாலெல்லாம் போச்சே?" என்றார் பண்ணைக்காரம்மா. "மாடு உதைச்சிருச்சும்மா" என்றேன். பாவம் மாடு.

இங்கே குளிர். உங்கள் பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். கறக்கக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

வயலைக் காயவிடுங்கள், நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் எழுந்து, "என் பெண்டாட்டி சரின்னுட்டா" என்று சொல்லிவிட்டுக் காயவிடுங்கள்.