சராசரியே இறங்கும்போது

என்னங்க,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். அதற்குள் மூன்று முறை எழுந்து, அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தாயிற்று.

நீங்கள் சொன்னபடி பங்குத் தரகரிடம் போனேன். "எங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கம்பெனியோட பங்கு இருநூறு நாள் சராசரி விலைக்குக் கீழ வந்துடுச்சாம். சல்லிசா கிடைக்கும்போதே அம்மா வீடு வித்த பணத்துல வாங்கிடுனு அவர் சொல்றார்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "சராசரிக் கோடு மேல போய்ட்டிருக்கும்போது விலை இறங்கினா மலிவுனு சொல்லலாம்மா. இங்க கோடே மாசக்கணக்கா சரியுது பாருங்க. உள்ள ஏதோ சரியில்ல. உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார், அவரையே கேளுங்களேன்."

வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனசு கேட்காமல் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் உங்கள் பெயரைக் கேட்டதும் தயங்கினாள். "அவர் இருந்த செக்ஷனையே போன மாசம் மூடிட்டாங்களேக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்றுகூட, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் போனை வைத்தீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தக் கம்பெனி நிமிர்ந்துவிடும் என்று நீங்கள் இன்னும் நம்புவது புரிகிறது. ஆனால் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு உங்கள் பெயரில் டிக்கெட் போட்டிருக்கிறேன். லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். கிளம்பி வாருங்கள்.

உங்கள் நச்சரிப்பு